முழங்காலைப் பார்க்க வந்தவர்கள்

2024 ஜூன் 19, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தண்ணீர் விடும் முறை என்பதால் என் கணவர் எனக்கு முன்பே எழுந்து குழாயடியில் நின்றிருந்தார். குடிக்க நான்கு குடம், புழங்கத் தொட்டி நிறைய. நான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி சின்ன வெங்காயம் உரித்தேன், கீரை ஆய்ந்து கொடுத்தேன். ஆறரைக்குக் காபி. ஏழு மணிக்குச் செய்தித்தாள், முதல் பக்கத்திலிருந்து வரிவிளம்பரம் வரை. எட்டுக்கு இரண்டு இட்லி. எட்டரைக்கு வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்குப் போய், பெல்ட்டைக் கழற்றிக் குளித்து, திரும்பவும் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதமாக என் காலைப்பொழுது இதுதான்.

பெல்ட் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வது, தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்கால் வரை வரும் நீளமான கட்டு. உள்ளே தகட்டுப் பட்டைகள் இருக்கும். மாட்டிக்கொண்டால் முழங்கால் மடங்காது.

பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் வேலைக்குத் தகுதி என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூலை முதல் தேதி விடுப்பு முடிகிறது. மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு என்னுடையது. பேரிங், சீல், ஷாஃப்ட், இம்பெல்லர் எல்லாம் கூரை வரை உயர்ந்த ரேக்குகளில் இருக்கின்றன. ஏணியில் ஏறி இறங்காமல் அந்த வேலை அரை மணி நேரம்கூட ஓடாது. எந்தத் தட்டில் எந்த அளவு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் சொல்வதற்குச் சம்பளம் தரமாட்டார்கள். ஏறி எடுத்துத் தர வேண்டும். ஏற முடியாவிட்டால் சாவி வேறு கைக்குப் போய்விடும். அதனால் அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டும்.

கால் இப்படி ஆனது ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோயில் மைதானத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி. இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் குழு இருக்கிறது; பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை ஒரே நிறத்தில் சேலை கட்டி வட்டமாக நின்று ஆடுகிறோம். குனிந்து கைதட்டி, நிமிர்ந்து திரும்ப வேண்டிய அடி அது. என் வலது பாதம் மண்ணில் ஊன்றியபடி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் சில் வெளிப்பக்கமாக நகர்ந்துபோய், இருக்கக்கூடாத இடத்தில் முட்டிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். பாட்டு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை மெதுவாக நீட்டியதும் சில் தன் இடத்துக்குத் திரும்பியது. எலும்பு எங்கும் உடையவில்லை. சில்லை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும் நார் கிழிந்திருக்கிறது, மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மூன்று வாரம் பெல்ட், அப்புறம் பிசியோதெரபி ஆரம்பிக்கலாம் என்றார். அதுவரை படுத்தபடியே செய்யச் சின்னச் சின்ன அசைவுகள் வரைந்த ஒரு தாளும் கொடுத்தார்கள். கேட்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மறுநாளே ஒரம்பரை வர ஆரம்பித்தது. கொங்குநாட்டில் சொந்தபந்தத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. ஒருவருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பது எங்களிடம் பெரிய குற்றம். பத்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்தப் பேச்சு எழும். ஆகவே வந்தார்கள். பல்லடத்திலிருந்து, அவிநாசியிலிருந்து, காங்கயத்துக்கு அக்கட்ட, அந்தப் பக்கமிருந்தெல்லாம், ஆப்பிளும் மாதுளையும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு. வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று என் கட்டிலை உள்ளறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினார்கள். செருப்பைக் கழற்றியதும் நான் கண்ணில் படுவேன்.

"எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. படுத்துக்குங்க," என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார்கள். "சேதி கேட்டதீம் மனசே ஆகலீங்க. பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தோமுங்க."

நான் தாளில் இருந்த முதல் அசைவைச் செய்துகொண்டிருப்பேன். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி, துண்டைக் கீழே அழுத்த வேண்டும். பெரியவர்கள் வந்து நிற்கும்போது காலை ஆட்டிக்கொண்டிருப்பது மரியாதையா? நிறுத்துவேன். நைட்டியை இழுத்துவிட்டு, துண்டை எடுத்து ஒளித்துவிட்டு, கைகூப்பி, "வாங்க" என்பேன். அவர்கள் காபி குடித்து, மழை இல்லாததைப் பேசி, நூல் விலையைப் பேசி, தங்கள் மூட்டுவலியைப் பேசி எழுந்து போகும்போது அடுத்த செட் கேட்டைத் திறக்கும்.

பெல்ட் கதை இதைவிட மோசம். இரண்டாவது வாரம் ஒரு நாள், டாக்டர் சொன்னபடி பெல்ட்டைக் கழற்றிக் காலுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தபோது சூலூரிலிருந்து ஒரு மாமாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். அத்தை என் காலை உற்றுப் பார்த்தார். கட்டு இல்லை, தையல் இல்லை, ஒரு காயம்கூட இல்லை.

"நல்லாத்தான் இருக்குதாட்டம் இருக்குது," என்றார் மாமாவிடம், ஏமாந்த குரலில். "நடக்கவே முடீலயாம்னு நாம பஸ் மாறி வந்தோம்."

அந்தப் பேச்சு மூன்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு நங்கையா, அதாவது என் கணவரின் அக்கா, பொறுப்பை எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். யார் கிளம்பினாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். உடனே எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார்.

"அம்மணி, ஈரோட்டுக்காரங்க கெளம்பீட்டாங்களாம். பெல்ட்டைப் போட்டுப் படுத்துக்கோ."

"இப்பத்தானுங்க கழட்டுனேன். காலை மடக்கிப் பாக்கோணும்னு சொல்லியிருக்காங்க."

"வந்தவங்க போனதுக்கப்பறம் மடக்கிக்கலாம். அவுங்க இத்தனை தூரம் வாராங்க, நீ காலை மடக்கீட்டு உக்காந்திருந்தா என்ன நெனப்பாங்க?"

வந்தவர்கள் போன பிறகு இருட்டியிருக்கும். நான் களைத்துத் தூங்கிவிடுவேன். ஒரு காயத்தை நிரூபிப்பதற்காக நான் நாள் முழுக்கப் பெல்ட்டில் கிடந்தேன் என்று இப்போது எழுதும்போது கோபம்தான் வருகிறது.

ஆட்டுக்கால் சூப்பும் வந்தது. காலுக்குக் கால்தான் மருந்து என்று நம்புகிறவர்கள் தூக்குப்போசியில் கொண்டுவந்தார்கள். மூட்டு எண்ணெய் நான்கு வகை வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டதில், நல்லதாகப் போயிற்று என்று நினைத்த ஒரே ஆள் எங்கள் தெருவின் பால்காரர். "ஏனுங்க, இந்த வயசுல ஆட்டம் எதுக்குங்க?" என்று வந்தவர்களில் கேட்காத வாயில்லை. அறுபது வயதில் ஒருவர் பழனிக்கு நடந்துபோய்க் கால் சுளுக்கிக்கொண்டு வந்தால் அப்படிக் கேட்பார்களா?

மூன்று வாரம் முடிந்து டாக்டரிடம் போனபோது நங்கையா கூட வந்தார். டாக்டர் மூட்டை அழுத்திப் பார்த்தார், வீக்கம் குறைந்திருக்கிறது, இனிமேல் பெல்ட்டைக் குறைத்துக்கொண்டு பிசியோதெரபிக்கு வரலாம் என்றார்.

"இன்னுங் கொஞ்ச நாளைக்குப் போட்டுட்டே இருந்தா நல்லதுங்களா டாக்டர்? மறுக்கா நழுவிப்போச்சுன்னா?" என்றார் நங்கையா.

டாக்டர் அடுத்தவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். "போட்டுக்கலாம், தப்பில்லை," என்றார்.

தப்பில்லை. இரண்டு சொல்கூட இல்லை, ஒரு சொல். அந்த ஒரு சொல்லை வீட்டில் எத்தனை முறை கேட்டேன். பிசியோதெரபிக்குப் போகிறேன் என்றால், "டாக்டரே தப்பில்லைன்னு சொல்லீட்டாரு, அங்க போனா வலிக்க வலிக்க இழுப்பாங்க," என்பார் நங்கையா. கழற்றட்டுமா என்றால் என் கணவர், "அக்கா சொல்றாங்கல்ல, இருந்துட்டுப் போகட்டும் அம்மணி," என்பார். லேத் பட்டறையில் ஒரு நூலளவு தப்பினால் வேலையைத் திருப்பிச் செய்கிறவர் அவர்.

வலி போய்விட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. கால் மெலிந்தது எனக்கும் தெரிந்தது. வீக்கம் வடிந்தால் மெலியத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். பெல்ட்டின் பட்டைகளை வாராவாரம் இன்னும் கொஞ்சம் இழுத்து ஒட்ட வேண்டியிருந்தது. குணமாகிறது என்று வந்தவர்களிடம் சொன்னோம். அவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

இந்த நிலையில்தான் பத்தொன்பதாம் தேதி கணவரோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சான்றிதழ் என்றதும் அவர் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். பரிசோதனைக் கட்டிலுக்கு ஏறுவதற்குப் போட்டிருந்த சின்ன மரப்படியைக் காட்டி, "வலது காலை வெச்சு ஏறுங்க," என்றார்.

நம் வீட்டு வாசல்படி உயரம்கூட இல்லை. பாதத்தை வைத்தேன். உடம்பை மேலே தூக்க முயன்றேன். தொடை இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லாததுபோல் கால் தொளதொளவென்று ஆடியது. சில் வெளியே நகரப் பார்த்த அந்த உணர்வு, ஏப்ரலில் மைதானத்தில் வந்த அதே உணர்வு, வந்ததும் என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். கீழ்த்தளத்தில் பிசியோதெரபிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார்.

அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்ட வைத்து, சில்லுக்கு மேலே ஒரே தூரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, டேப்பால் சுற்றி அளந்தார். இடதைவிட வலது மூன்றரை சென்டிமீட்டர் குறைவு. எனக்கு அளவு தெரியும். எங்கள் ஸ்டோர்ஸுக்கு ஒரு ஷாஃப்ட் இந்த வித்தியாசத்தில் வந்தால் இறக்கவே விடமாட்டேன், வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவேன்.

"தொடையை இறுக்குங்க மேடம். முட்டியைக் கீழ அழுத்துங்க."

"அழுத்தீட்டுத்தானுங்க இருக்கேன்."

"இல்லீங்க, நீங்க இடுப்பைத் தூக்கறீங்க. இங்க கை வெச்சுப் பாருங்க."

என் கையைப் பிடித்து, சில்லுக்கு மேலே தொடையின் உள்பக்கத்தில் வைத்தார். இடது காலில் அந்த இடத்தில் சதை திரண்டு கல்லாக எழும்பியது. வலது காலில் ஊறவைத்த துணிபோல் கிடந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டளை இட்டேன். எங்கேயோ இடுப்பில் இழுத்தது, பாதம் ஆடியது. அந்த இடம் மட்டும் கேட்கவில்லை. சொந்த உடம்பில் ஒரு பகுதி நான் கூப்பிட்டும் வராமல் இருந்ததை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அவர் விளக்கினார். சில் நழுவி மூட்டுக்குள் நீர் கோத்தவுடனே உடம்பு தானாகவே தொடைச் சதையை அணைத்துவிடுமாம், வலியிலிருந்து காப்பாற்றுவதற்காக. அதிலும் உள்பக்கத்துச் சதைதான் முதலில் படுக்கும், கடைசியில் எழும். அந்தச் சதைதான் சில்லை உள்ளே பிடித்திருப்பது. வீக்கம் போனாலும் அது தானாக விழிக்காது. தினமும் எழுப்ப வேண்டும். கட்டிப் போட்டு வைத்தால் வாரத்துக்கு வாரம் கரையும்.

"மறுபடி நழுவாம இருக்கத்தானுங்க பெல்ட் போட்டிருந்தேன்," என்றேன்.

"வெளிய நடக்கறப்ப போட்டுக்கலாம். ஆனா பெல்ட் பிடிக்கறது வெளியில இருந்து. உள்ள பிடிக்கற ஆள் தூங்கிட்டா, கழட்டுன அன்னைக்கே நழுவிடும். எத்தனை வாரம் போட்டீங்க?"

என் கணவர் சொன்னார். அந்தப் பெண் என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏணி ஏற எப்பங்க ஆகும்?"

"ஒழுங்கா செஞ்சா மூணு மாசம் பாக்கலாம். இடுப்புச் சதைக்கும் சேர்த்துச் செய்யணும். காலைல எழுந்ததும் முதல்ல இது. அதுக்கப்புறம் மத்த வேலை." தொடையில் கரண்ட் வைத்து அந்தச் சதையைத் துடிக்கச் செய்து காட்டினார். ஒரு தவளை மூச்சு விடுவதுபோல் அது எழும்பி அடங்கியது. செத்துப்போகவில்லை என்று தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் ஆட்டோ சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது கம்பெனி மேலாளர் அழைத்தார். எங்கள் ஊர்க்காரர், குரலில் தேன் வடியும்.

"எப்படீங்க இருக்குது இப்ப? நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. ஒண்ணாந்தேதி வந்து சும்மா உக்காருங்க. முன்னால ரிசப்ஷன் பக்கத்துல உங்களுக்குனே ஒரு சீட் போட்டிருக்கோமுங்க. ஃபேனுக்கு அடியிலயே."

"ஸ்டோர்ஸை யாருங்க பாக்கறாங்க?"

"அதெல்லாம் பர்ச்சேஸ்ல இருந்து பாத்துக்குவாங்க. நீங்க எதுக்குங்க அந்த ஏணியோட மல்லுக்கட்டோணும், இந்தக் காலை வெச்சுட்டு?"

ஃபேனுக்கு அடியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து எழுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி உட்கார்ந்த இருவரை நான் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "நல்லதுங்க, நல்லதுங்க," என்று வைத்துவிட்டார். இதில் யார் மேல் கோபப்படுவது? ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்துப் பேசவில்லை. பழம் கொடுத்தார்கள், சூப் கொடுத்தார்கள், இருக்கை கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கை கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் நங்கையா வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "டாக்டர் என்ன சொன்னாருங் கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சொன்னார்: "நாளைக்குக் காத்தால கொடுமுடியிலிருந்து பெரியவங்க வாராங்க. பேரூர்ல ஒரு கண்ணாலத்துக்குப் போறாங்களாம், போற வழீல உன்னையப் பாத்துட்டுப் போறாங்களாம். நேரத்துலயே, இருட்டோடயே வந்துருவாங்க. பெல்ட்டைப் போட்டுப் படுத்துக்கோ."

நான் நைட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றினேன். இரண்டு தொடைகளையும் அருகருகே காட்டினேன். பேனாப் புள்ளிகள் இன்னும் அழியவில்லை.

"இதைய நல்லாப் பாத்துக்குங்க. இந்த ரண்டு மாசமும் உங்க ஒரம்பரைக்குக் காட்டுறதுக்குப் பெல்ட்டைப் போட்டுப் படுத்ததுல போனதுங்க இது."

"ஏனம்மணி இப்படிப் பேசற? உனக்கு நல்லதுன்னுதான சொன்னேன்."

"நல்லதுன்னுதானுங்க எல்லாருஞ் சொன்னாங்க."

"அவுங்க வந்து பாக்கறப்ப நீ காலை ஆட்டீட்டு இருந்தா நம்மளுக்குத்தான கேவலம்."

"ஏணி ஏற முடியாம ரிசப்ஷன்ல போய் உக்காந்தா அது யாருக்குங்க கேவலம்?"

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் என் கணவர், "போகட்டும் அம்மணி," என்பார். அன்று அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று, என் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அளந்ததைப் பாத்தனுங்க்கா," என்றார் கடைசியில். "லேத்துல இத்தனை தேஞ்சிருந்தா சாமானைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

நங்கையா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார். "என்னமோ பண்ணுங்க. நாளைக்குப் பெரியவங்க கேட்டா நான் பதில் சொல்லமாட்டேன்." கேட்டைச் சாத்தும் சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. எனக்கு வருத்தமாகவும் இருந்தது. என் முதல் பிரசவத்துக்குக் கூட நின்றவர் அவர். அதற்காக என் தொடையை அவருக்குக் கொடுத்துவிட முடியாது.

அதற்குப் பிறகு மேலாளருக்கு எழுதினேன். ரிசப்ஷன் இருக்கைக்கு நன்றி, எனக்கு அது வேண்டாம். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு வேண்டும், ஸ்டோர்ஸுக்கே திரும்ப வருவேன். எழுதியதை இரண்டு முறை படித்தேன். "தங்கள் அன்புக்கு" என்று வழக்கமாகச் சேர்க்கும் வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

இருபதாம் தேதி, வியாழன். எழுந்ததும் விளக்கைப் போட்டேன். துண்டைச் சுருட்டி வலது முழங்காலுக்கு அடியில் வைத்து, உள்தொடையில் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டு அழுத்தினேன். இடுப்பு எழும்பியது. நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்ப அழுத்தினேன். மூன்றாவது முறை செய்யும்போது கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. என் கணவர் போய்த் திறந்தார். பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாகக் கூடத்துக்குள் ஐந்து பேர் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். படுத்துக்கோ என்று சொல்ல வாயெடுத்த, அவர்களில் மூத்தவரான ஒரு பெரியம்மா, நான் ஏற்கெனவே படுத்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வாங்க, உக்காருங்க," என்றேன். "இது பத்துத் தடவை பண்ணோணுமுங்க. முடிச்சுப்போட்டுப் பேசறேன்."

நாற்காலிகள் இழுபட்டன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான்காவதை ஆரம்பித்தேன். ஏழாவதில் விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல இறுகி, உடனே விட்டுவிட்டது. பத்து முடித்து, இன்னொரு பத்துக்கு மறுபடியும் துண்டைச் சரிசெய்தேன்.